கல் பார்த்த திசை

மாமா நிலத்தை மிதிக்காமல் நில வழக்கு எடுக்க மாட்டார். பத்திரம், வரைபடம், பழைய தீர்ப்பு எல்லாம் அப்புறம்தான். கட்சிக்காரர் வந்து உட்கார்ந்து கதையைத் தொடங்கினால் பாதியில் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். "இடத்தக் காட்டுங்க. அங்க நின்னு சொல்லுங்க," என்பார். நான்கு எல்லையையும் நடந்து முடித்த பிறகுதான் பேனா மூடி திறக்கும்.

நீதிமன்றத்தில் அவருக்கு நடை வக்கீல் என்று பெயர். "மத்த வக்கீல்கிட்ட போனா கட்சிக்காரன் நடையா நடக்கணும். இவர்கிட்ட வக்கீலே நடக்கிறார்," என்று வாசலில் தட்டச்சு செய்பவர் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. மாமாவுக்கு அதில் வருத்தமில்லை. அவர் மனைவியான என் அக்காவுக்கு இருந்தது. சேறு அவள் கூடத்தில்தான் வந்து காய்ந்தது.

"இவரப் பாத்தா வக்கீல்னு சொல்வாங்களா, கெணறு வெட்ட வந்தவர்னு சொல்வாங்களா?" என்று என்னிடம் கேட்பாள், அவர் காதில் விழும்படி.

"கெணறு வெட்டறவன் தண்ணியாவது காட்டுவான்," என்பார் மாமா.

நான் அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தேன். கீழே முன்னறை அவருடைய அலுவலகம். ஒரு மேசை, மூன்று நாற்காலிகள், கூரை வரை சட்டப் புத்தகங்கள். புத்தகங்களுக்குப் பின்னால் விதைகள் போட்ட பாட்டில்கள். ஒருமுறை தீர்ப்புத் தொகுதி ஒன்றை உருவியபோது பாட்டில் கவிழ்ந்து புங்க விதைகள் எதிரில் இருந்தவர் மடியில் கொட்டின. பங்காளியோடு பத்து வருடமாகச் சண்டையிட்டு வந்தவர் அவர். மடியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு சமாதானமாகப் போய்விடுகிறேன் என்றார். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. மாமா விதைகளைப் பொறுக்கிக்கொண்டார்.

புதன்கிழமை பிற்பகல்களில் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெஞ்சில் இருப்பார். விபத்தில் அடிபட்டவர்கள், வேலையில் கை போனவர்கள், அவர்களுடைய மனைவிமார்கள் வருவார்கள். இலவசமாக மனு எழுதிக் கொடுப்பார். ஒரு புதன்கிழமை காய்ச்சலோடு போனார். நர்ஸ் அவரைப் பிடித்துக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டார். அன்று வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று சொன்னார்கள், இவர் படுத்தபடியே எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால் கரை.

மாமா போன வருடம் காலமானார். இரங்கல் கூட்டத்தில் அவர் வென்ற வழக்குகளைச் சொன்னார்கள். நான் சொல்ல விரும்புவது அவர் எதிர்த்தரப்பாக நின்ற ஒன்றை. அதில் ஒரு பெண்ணுக்கு வீடு வருமா, மாமா வளர்த்த மரங்கள் நிற்குமா என்பது அவருடைய வாயிலிருந்து வரும் பதிலில் இருந்தது.

வாய்க்கால் கரை முதலில் குப்பைமேடு. மாமாவும் மருந்துக்கடைக்காரரும் பள்ளியிலிருந்து ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டரும் சேர்ந்து அதைச் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டார்கள். மரம் நடுவதற்கு முன்னால் எல்லை தெரிய வேண்டும். கரை அரசு நிலம், அதற்கு மேலே தனியார் மனைகள். எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது?

"பக்கத்துல யாரையாவது கேட்டுடலாமே," என்றார் டிரில் மாஸ்டர்.

"மனுஷன் மறப்பான், மாஸ்டர். கல்லு மறக்காது," என்றார் மாமா. அளவுக்கல் ஒன்று புதருக்குள் இருந்தது. மாமா புல்லை விலக்கிப் பார்த்தார். கல்லுக்கு இந்தப் பக்கம் கரை, அந்தப் பக்கம் மனை. கயிறு பிடித்தோம், குழி தோண்டினோம்.

ஒவ்வொரு வருடமும் ஒரு வரிசை. முதலில் நட்ட புங்கையும் நாவலும் எங்கள் தலைக்கு மேல் போய்விட்டன. பிந்தியவை இடுப்பளவு. யாரும் வெட்டிவிடக் கூடாது என்று மாமா எல்லா மரங்களையும் மரப் பாதுகாப்பு அலுவலகத்தில் பதிவு செய்தார். பதிவான மரத்தை வெட்ட வேண்டுமானால், சொந்த நிலமே ஆனாலும், விசாரணை நடந்து அனுமதி வாங்க வேண்டும். பராமரிப்பவர் என்ற இடத்தில் தன் பெயரைக் கொடுத்தார். மருந்துக்கடைக்காரருக்கு அந்தப் பதிவில் பெரிய பெருமை. பதிவுத் தாளின் நகலைத் தன் கடையில் மாட்டி வைத்திருந்தார்.

ஒரு காலை ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். தையல் வேலை செய்பவர். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. கழற்ற மறந்து வந்திருந்தார். கணவர் இறந்த பிறகு வேற்றூரிலிருந்து திரும்பி, ஒரு கடைக்கு மேலே ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார்.

"நீங்க கஷ்டப்பட்டவங்க கேச எடுப்பீங்கன்னு சொன்னாங்க," என்றார்.

"சொல்லுங்கம்மா."

"எங்கப்பா எனக்குன்னு ஒரு மனை விட்டுட்டுப் போனாரு. இத்தன வருஷம் நான் இங்க இல்ல. இப்ப ஒரு ரூமு கட்டிக்கலாம்னு போய்ப் பாத்தா, யாரோ ஒரு புண்ணியவான் பூரா மரமா நட்டு வெச்சிருக்கான். வெட்டலாம்னு ஆளக் கூப்ட்டா, பதிவு பண்ண மரம், தொட்டா ஜெயில்னு சொல்றான். என் எடத்துல நான் வீடு கட்ட ஜெயிலுக்குப் போகணுமா சார்?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"இடம் எங்கம்மா?" என்றார் மாமா. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"வாய்க்கால் பக்கம். சின்னப் பாலம் தாண்டி."

மாமா பேனாவை மேசையில் வைத்தார். "உங்க கேச நான் எடுக்க முடியாதும்மா."

"ஏன் சார்? பெரிய எடமா? யாரு அந்த ஆளு?"

"நான்தான்."

அந்த அம்மா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், நான் ஏதாவது வேறு மாதிரி சொல்வேன் என்பதுபோல. சமையலறையில் அக்கா சிரித்துவிட்டாள்.

"அப்ப உங்க மேல கேஸ் போட யாரப் பாக்கணும்?"

"எதிர் வரிசையில மூணாவது வீடு. அந்த அம்மா என்னை நாலஞ்சு தடவ தோக்கடிச்சிருக்காங்க. நல்ல வக்கீல். நான் சொன்னேன்னு சொல்லுங்க, பீஸ் கேக்க மாட்டாங்க." கொஞ்சம் யோசித்தார். "ஆனா கேசுக்கு முன்னாடி இடத்தப் பாத்துடலாம். உங்க வக்கீலையும் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் போனோம். தையல்காரம்மா பத்திரத்தைக் கொண்டுவந்திருந்தார். அவருடைய வக்கீலம்மா குடை பிடித்து நின்றார். பத்திரத்தில் அளவு பாலத்தின் கைப்பிடிச் சுவரிலிருந்து போட்டிருந்தது. பாலம் நகராது. நான் டேப்பின் ஒரு முனையைச் சுவரில் பிடித்தேன். மாமா மறுமுனையோடு மரங்களுக்குள் போனார். அளவுக்கல்லைத் தாண்டிப் போனார். நாவல் வரிசையைத் தாண்டினார். தண்ணீருக்குக் கொஞ்சம் முன்னால் நின்றார்.

"இங்க வருது," என்றார்.

இன்னொரு முறை அளந்தோம். அங்கேதான் வந்தது. மனைக்கும் தண்ணீருக்கும் நடுவில் குறுகலாக ஒரு கரை மிச்சம் இருந்தது. மற்ற எல்லாம் அந்த அம்மாவின் இடம்.

மாமா திரும்பி வந்து கல்லின் முன்னால் குந்தினார். அளவுக்கல்லின் ஒரு முகத்தில் அம்புக்குறி வெட்டியிருக்கும். அந்த முகம் சாலையைப் பார்க்க வேண்டும். இந்தக் கல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாலையை அகலப்படுத்தியபோது இயந்திரம் திரும்புவதற்காக யாரோ அதைப் பிடுங்கி, வேலை முடிந்ததும் கைக்கு வந்த இடத்தில் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஞாயிறுதோறும் நாங்கள் தண்ணீர் பாட்டில் வைக்கும் கல் அது. வேறு யாராக இருந்தாலும் அக்கம்பக்கத்தில் விசாரித்திருப்பார்கள். கல்லைச் சாட்சியாக நம்பும் வக்கீல் ஒருவர் இருந்ததால் நாங்கள் யாரையும் விசாரிக்கவில்லை.

"என்ன சார், கல்லுகிட்ட கேட்டுட்டீங்களா?" என்றார் தையல்காரம்மா.

"கேட்டேன்மா. பொய் சொல்லிடுச்சு." எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "இடம் உங்களதுதான்."

அவருடைய வக்கீலம்மா குடையை மடக்கினார். "சார், இத நீங்க இப்பவே ஒத்துக்க வேண்டியதில்ல. நான் நிரூபிக்கணும்."

"நீங்க நிரூபிக்கிற வரைக்கும் எனக்குத் தெரியாத மாதிரி இருக்கணுமா?"

மரங்களை வெட்ட அனுமதி கேட்டுத் தையல்காரம்மா மனு கொடுத்தார். அடுத்த ஞாயிறு கரையில் சண்டை. மருந்துக்கடைக்காரர் மண்வெட்டியைத் தொடவே இல்லை.

"ஆட்சேபணை இருக்குன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க," என்றார். "பராமரிக்கிறவரு ஆட்சேபிச்சா அவங்க நேர்ல வந்து பாக்கணும், ரிப்போர்ட் போடணும், மேல அனுப்பணும். அது எப்ப முடியும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். வருஷக்கணக்காகும்."

"அதுக்குள்ள அந்தம்மா சலிச்சுப்போய் வேற எடம் பாத்துக்குவாங்க. மரம் தப்பிச்சிடும்."

"அவங்க சலிச்சுப்போற வரைக்கும் இழுக்கச் சொல்றீங்க."

"மரத்துக்காக சார். நமக்காகவா?"

"இந்த வேலைய எனக்கு எதிர்ல நின்னவங்க எல்லாம் செஞ்சிருக்காங்க, மருந்துக்கடை. அவங்களும் நமக்காகவான்னுதான் கேப்பாங்க. ஒருத்தர் கம்பெனிக்காகன்னு சொல்லுவாரு. ஒருத்தர் குடும்பத்துக்காகன்னு சொல்லுவாரு."

"அப்ப கம்பெனிக்காரனும் நாமளும் ஒண்ணு?"

"இழுத்தா ஒண்ணுதான்."

டிரில் மாஸ்டர் இருவருக்கும் நடுவில் வந்தார். "ரெண்டு பேரும் அட்டென்ஷன்ல நின்னது போதும். உக்காருங்க." யாரும் உட்காரவில்லை. மருந்துக்கடைக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடையில் மாட்டியிருந்த பதிவை அன்றே கழற்றிவிட்டார் என்று கேள்விப்பட்டோம்.

அதன் பிறகு மாமா ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போகும்போது அவர் பேசுவதில்லை. அக்கா ஒவ்வொரு முறையும் விசாரிப்பாள்.

"பேசினாரா?"

"மாத்திரை குடுத்தார்."

"அது கேக்கல. பேசினாரா?"

"சாப்பாட்டுக்கு முன்னாடின்னு எழுதிக் குடுத்தார்."

விசாரணை நாள் வரை மாமா என்ன செய்யப்போகிறார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. இடம் அந்த அம்மாவுடையது என்று ஒப்புக்கொண்டது வேறு. மரத்தை வெட்டச் சம்மதிப்பது வேறு. நிலத்துக்கு உரிமை இருந்தாலும் மரத்துக்காக ஆட்சேபிக்கச் சட்டம் இடம் கொடுத்தது. அந்தச் சட்டத்தை உள்ளங்கையில் வைத்திருந்தவர் அவர். காலையில் எழுந்து கரைக்குப் போய்த் தனியாகச் சுற்றிவிட்டு வருவார். இரவு சாப்பாட்டில் கை தட்டிலேயே நிற்கும். "சோறு ஆறுது. அதுக்கும் வாய்தாவா?" என்பாள் அக்கா.

மரப் பாதுகாப்பு அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்தது. அதிகாரி வயதில் இளையவர். மாமாவை வேறு சில விசாரணைகளில் பார்த்திருக்கிறார், அவருடைய ஆட்சேபணைகளின் கனம் தெரிந்தவர். "நீங்க வர்றீங்கன்னு காலைல வேற எதுவும் வெச்சுக்கல சார்," என்றார். தையல்காரம்மாவின் வக்கீலம்மா தடித்த கட்டு ஒன்றோடு வந்திருந்தார். பழைய தீர்ப்புகளில் காகிதத் துண்டுகள் செருகியிருந்தன.

அதிகாரி மனுவைப் படித்தார். மரங்களின் விவரத்தைப் படித்தார். நிமிர்ந்து, "பராமரிப்பவர் தரப்பில் ஆட்சேபணை உண்டா?" என்றார்.

மாமா எழுந்து நின்றார். அங்கே எழுந்து நிற்கத் தேவையில்லை, உட்கார்ந்தே சொல்லலாம். ஆனால் உட்கார்ந்துகொண்டு எந்த மன்றத்திலும் அவர் பேசியதில்லை.  ஜன்னலுக்கு வெளியே ஏதோ மரம். அதைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தையல்காரம்மா நாடாவை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார். மின்விசிறி ஓடியது. வக்கீலம்மா கட்டின் முடிச்சை அவிழ்க்கத் தயாராகக் கையை வைத்திருந்தார்.

"ஆட்சேபணை இல்லை," என்றார் மாமா.

அதிகாரிக்குக் காதில் விழுந்தது, நம்பிக்கை வரவில்லை. "நிபந்தனை ஏதாவது?"

"இல்லை."

உட்கார்ந்தார். உட்காரும்போது நாற்காலியின் கையைத் தேடிப் பிடித்தார். வக்கீலம்மா தன் கட்டை அவிழ்க்காமலே பைக்குள் வைத்தார். "ராத்திரி பூரா படிச்சேன் சார்," என்று மாமாவிடம் மெல்லச் சொன்னார், குறைபோல.

படியிறங்கும்போது மாமா தையல்காரம்மாவை நிறுத்தினார்.

"அம்மா, உள்ள நிபந்தனை கேக்கல. இது நிபந்தனை இல்ல, கேட்டுக்கறேன். பெரிய மரங்கள நகத்த முடியாது. வெட்டித்தான் ஆகணும். சின்னதுங்க வேரோட எடுத்தா பொழைக்கும். ஆனா மழை விழணும். வெயில்ல எடுத்தா செத்துப்போகும். மழை வர்ற வரைக்கும் பொறுத்துக்குவீங்களா? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

"நான் பொறுத்துக்குவேன் சார். வீட்டு ஓனர் பொறுக்க மாட்டாரு. மாசக் கடைசியில ரூம காலி பண்ணச் சொல்லிட்டாரு. இப்பவே கட்ட ஆரம்பிச்சாத்தான் ஒரு தகரமாவது போட்டு உள்ள போவேன். நானும் மிஷினும் எங்க போய் நிக்கிறது?"

மாமா தலையாட்டினார். 

வீட்டுக்கு வந்து அக்காவிடம் நடந்ததைச் சொன்னார். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடைசி வரை கேட்டாள்.

"முன்ரூமு எதுக்கு இருக்கு?"

"அது ஆபீஸ்."

"ஏங்க, மரத்துக்காக ஊர்ல எல்லாரையும் தள்ளி நில்லுன்னு சொல்றீங்க. நீங்க ஒரு அடி நகர மாட்டீங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் மடித்த துணியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன்.

மாதக் கடைசியில் தையல் இயந்திரம் முன்னறைக்கு வந்தது. மாமாவின் மேசை மாடிப்படிக்கு அடியில் போனது. அங்கே நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். பெரிய மனிதர்கள்கூட அவரிடம் குனிந்து வந்தார்கள். காலையில் வாசலில் இரண்டு கூட்டம் நிற்கும். அக்கா கதவைத் திறந்து, "அளவு குடுக்க வந்தீங்களா, அளவு காட்ட வந்தீங்களா?" என்று கேட்டு ஆளைப் பிரித்து அனுப்புவாள். நீதிமன்றத்தில் ஒரு நாள் நீதிபதி மாமாவின் கோப்பிலிருந்து நீளமாக ஒரு சிவப்பு நூலை இழுத்து எடுத்து, ஒன்றும் கேட்காமல் மேசை ஓரத்தில் வைத்தாராம்.

பெரிய மரங்களை வெட்டிய அன்று மாமா போனார். வேலையாட்களுக்கு இடைஞ்சலாக இருக்கவில்லை. ஓரமாக நின்றார். ஒவ்வொன்றும் சாயும்போது எழுந்து நிற்பவர்போல முதுகை நிமிர்த்திக்கொண்டார். எல்லாம் முடிந்த பிறகு, "வெளிச்சம் ஜாஸ்தியாயிடுச்சு மாப்ளே," என்றார்.

பிறகு மழைக்குக் காத்திருந்தோம். வழக்கமாக வருகிற சமயத்தில் அது வரவில்லை. மேகம் கூடிக் கலைந்தது. மாமா காலையில் எழுந்ததும் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார். தையல்காரம்மா அதற்கு முன்பே அங்கே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு வீடு தொடங்க வேண்டும், இவருக்கு மரம் பிழைக்க வேண்டும். மழைக்காகப் பொறுப்பதாகச் சொன்ன காலம் தாண்டியும் அந்த அம்மா கட்டட ஆட்களைக் கூப்பிடவில்லை.

"உங்க சட்டத்துல இதுக்கு ஒரு மனு கெடையாதா சார்?" என்று கேட்டார் ஒரு நாள்.

"இருந்தா ரெண்டு பேரும் ஒரே பக்கம் நின்னு போடலாம்மா."

அந்த அம்மா சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு வாரம் பாக்கறேன். அதுக்கு மேல என்னால ஆகாது," என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய் இயந்திரத்தை மிதித்தார். மாமா படிக்கு அடியில் போய் உட்கார்ந்தார். இயந்திரத்தின் சத்தம் மட்டும் இருந்தது.

வாரம் முடிவதற்குள் மழை விழுந்தது. காலையில் தொடங்கி விடாமல் பெய்தது. மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். டிரில் மாஸ்டர் விசிலோடு வந்தார். நான் மண்வெட்டி எடுத்தேன். தையல்காரம்மா தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு பின்னால் வந்தார். தண்ணீரோரம் மிச்சமிருந்த குறுகலான கரையில் குழிகள் தோண்டினோம். செடிகளை மண்கட்டியோடு பெயர்த்துச் சாக்கில் கட்டித் தூக்கினோம். பாலத்தின் மேல் மருந்துக்கடைக்காரர் குடையோடு நின்றிருந்தார். இறங்கி வரவில்லை. எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. நான் ஒரு நாவலின் அடியில் மண்வெட்டியைப் போட்டபோது அவரால் தாங்க முடியவில்லை.

"யோவ், வேர அறுக்காதய்யா! சுத்தி வெட்டு! சுத்தி!"

குடையைப் பாலத்திலேயே போட்டுவிட்டு இறங்கி வந்தார். மாலை வரை இருந்தார். மாமாவோடு பேசவில்லை. குழிகளோடு பேசினார், ஆழம் போதாது என்று திட்டினார். மாமா அவர் சொன்னபடியெல்லாம் ஆழப்படுத்தினார்.

மழை நின்றதும் கட்டட வேலை தொடங்கியது. கரையில் நட்டவை ஒவ்வொன்றாக இலை உதிர்த்தன. சில நிச்சயமாகச் செத்துவிட்டன. மற்றவை குச்சியாக நின்றன. உயிர் இருக்கிறதா என்று மாமா நகத்தால் பட்டையைக் கீறிப் பார்ப்பார். பச்சை தெரிந்தால் தண்ணீர் விடுவார், தெரியாவிட்டாலும் விடுவார். தினமும் நீதிமன்றத்துக்குப் போகும் முன் கறுப்புக் கோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, வாய்க்காலில் இறங்கி வாளியில் மொண்டு ஊற்றுவார். வயதாகிவிட்டது. ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்வார்.

தையல்காரம்மா சுவர் எழுந்தவுடனேயே அங்கே குடிபோய்விட்டார். கூரை பாதிதான் இருந்தது. காலையிலும் மாலையிலும் புதுச் சுவருக்குத் தண்ணீர் விட வேண்டும், சிமெண்ட் இறுகுவதற்கு. ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு சுவரைச் சுற்றி நடப்பார். ஒரு நாள் மாமா வாளியோடு கரை ஏறுவதை அவர் நின்று பார்த்தார்.

"எதுக்கு சார் இப்படி ஏறி எறங்கறீங்க? சுவத்துக்கு விடற தண்ணிதான். அதுங்களுக்கும் சேத்து விடறேன்."

"குழாய் எட்டுமாம்மா?"

அந்த அம்மா குழாயின் வாயை விரலால் அழுத்தினார். தண்ணீர் சுவரைத் தாண்டி, வெட்டிய அடிமரங்களைத் தாண்டி, கரையில் குச்சியாக நின்ற செடிகளின் மேல் போய் விழுந்தது.

"அந்தக் கடைசி நாவலுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி வேணும்," என்றார் மாமா.

"பாத்துக்கறேன். நீங்க கோர்ட்டுக்குப் போங்க."

மாமா போகவில்லை. காலி வாளியோடு நின்றார். தண்ணீர் முதல் செடியிலிருந்து கடைசி வரை போய்த் திரும்பி வருவதைப் பார்த்தார். பிறகு வாளியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டார்.